முகம் வெளுத்துக் காது கறுத்தவனின் விண்ணப்பம்

மகா-ள-ஸ்ரீ பள்ளி நிர்வாகக் குழுவாரின் சமூகத்துக்கு, நாமக்கல் ஜில்லாவில் தங்கள் விடுதியிலே இரண்டு வருஷ காலம் வாசம் செய்து, 2016-ஆம் ஆண்டு பிளஸ் டூ பரீக்ஷையில் 1200-க்கு 1104 வாங்கி வெளியேறிய பழைய மாணவன் நமஸ்காரத்துடன் எழுதிக்கொள்வது.

அமெரிக்க தேசத்துப் பள்ளிகளில் வருஷ முடிவிலே மாணவர் படங்களையெல்லாம் புஸ்தகமாக அச்சிட்டுக் கையில் கொடுத்துவிடுவார்களாம். அசடு வழியும் படம் வாய்த்தவன் அதை அலமாரியின் அடித்தட்டில் போட்டு, மேலே நாலு புஸ்தகங்களை அடுக்கிவிட்டால் தீர்ந்தது. எனக்கோ, தங்கள் பெருங்கருணையினால், அந்தப் பாக்கியம் சேலம்–நாமக்கல் நெடுஞ்சாலையோரத்தில், ஸ்ரீநகரில் புறப்பட்டுக் கன்னியாகுமரிக்குப் போகிற லாரிக்காரர் உள்படச் சகலரும் தரிசிக்கும்படி, ஃபிளெக்ஸ் பேனராகக் கிட்டியது. நடுவிலே முதல் மூவர் ஆளுயரத்துக்கு நிற்க, கீழே 1100-ஐத் தாண்டியோர் பந்தியில், மூன்றாம் வரிசைக் கடைசியில் நான். தூரத்துக்குத் தபால் தலை, கிட்டே போனால் பரங்கிக்காய்.

விடியற்காலை நாலரைக்கு எழுப்பி, ஸ்டடி ஹாலில் ரசாயனம் ஒப்பித்துக்கொண்டிருந்தவர்களை அப்படியே வரிசையில் நிறுத்தி எடுத்த படத்தில் கண் பாதி மூடியிருந்தது என் குற்றமன்று. எங்களிடம் கோட்டு இல்லையாகையால், ஸ்டுடியோக் கம்ப்யூட்டரிலே எல்லாத் தலைகளுக்கும் ஒரே கோட்டை மாட்டினார்கள். யாரோ ஒரு கல்யாண மாப்பிள்ளையுடையது போலும். அதன் அகன்ற தோள்களுக்கு மத்தியில் என் கழுத்து, வாளியில் நட்ட முருங்கைப் போத்தாக நின்றது. போதாததற்கு, கறுத்த பிள்ளை ஸ்தாபனத்தின் கீர்த்திக்கு இழுக்கென்று கருதினார்களோ என்னவோ, என் முகத்தை வெளுத்தார்கள். முகத்தை மட்டுந்தான். காதுகள் இரண்டையும் என் தகப்பனார் கொடுத்த நிறத்திலேயே விட்டுவிட்டபடியால், இட்லிக்கு இருபுறமும் எள்ளுருண்டை ஒட்டியது போலாயிற்று. கவிதையால் பெயர் பெறுமுன் சித்திரம் எழுதிப் பிழைத்தவரும் மோகனூரிலே பிறந்தவருமான நாமக்கல் கவிஞர் இதைப் பார்த்திருந்தால், தூரிகையைக் காவேரியில் வீசியிருப்பார்.

மறு வருஷம் மே மாதத்திலேயே, மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிக்கும் வழக்கத்தை அரசாங்கம் நிறுத்திவிட்டது. பின்னர் மொத்த மதிப்பெண்ணையும் 600 ஆக்கிவிட்டது. ஆகவே என் மார்பின்கீழ் அச்சடித்த 1104-ஐ இக்காலத்துச் சிறுவர்கள் கைதி நம்பரென்று நினைத்தால், அவர்கள்மேல் பிழையில்லை.

அந்தப் பேனர் இன்னுமா இருக்கிறது என்று கேட்பீர்கள். ஃபிளெக்ஸுக்கு ஏது மரணம்? கடந்த ஐப்பசியில், மழை பிசுபிசுத்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெண் பார்க்கச் சென்ற இடத்தில், காப்பி முடிந்த கையோடு பெண்ணின் தகப்பனார் தம் கோழிப் பண்ணையைக் காட்ட அழைத்துப் போனார். ஷெட்டின் மேற்குப் பக்கம் சாரலுக்கு மறைப்பாக ஒரு படுதா தொங்கிற்று. முதல் மூவரை எங்கேயோ வெட்டி எடுத்துவிட்டிருந்தார்கள். எஞ்சிய துண்டில், கூண்டு கூண்டாக நின்ற முட்டைக் கோழிகளைப் பாதிக் கண்ணால் நோக்கியபடி நான் இருந்தேன். பழைய பேனரை யாரோ கிலோக் கணக்கில் விற்றார்களாம். அவர் படுதாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு, குறிப்பாக, என் காதுகளைப் பார்த்தார்.

"தம்பிதானுங்களா இது? காது அப்படியே இருக்குதுங்க."

நஷ்டஈடு கோரி இதை நான் எழுதவில்லை. சம்பந்தம் கூடிவருகிற தருணத்தில் அவர் என்னிடம் வாய்விட்டுக் கேட்ட ஒரே காரியத்தைத் தங்கள் சமூகத்துக்குச் சேர்ப்பிப்பதே என் நோக்கம். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "உங்க பள்ளிக்கூடத்துல இந்த வருசத்துப் பேனரைக் கழட்டுனா சொல்லுங்க தம்பி. கெழக்கால ஒரு பக்கம் இன்னும் மறைக்காமக் கெடக்குதுங்க."

இப்படிக்கு,
மூன்றாம் வரிசைக் கடைசி