வாரன்ட் இருக்கா சார்?

(இந்த வாரக் கேள்விகள் முழுக்க சிலமலை, போடி சுற்றுவட்டாரத்திலிருந்து.)

கே: "வாரன்ட் இருந்தா காட்டுங்க, அப்புறம் வர்றேன்" என்று சினிமாவில் ஹீரோ சொல்கிறார். நானும் சொல்லலாமா? (ஜீப் டிரைவர், சிலமலை)

ப: சொல்லலாம். ஏட்டையாவும் அந்தப் படத்தைப் பார்த்திருக்க வேண்டும். கொலை, கொள்ளை, வழிப்பறி போன்ற குற்றங்களில் போலீஸுக்கு வாரன்டே தேவையில்லை. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பி.என்.எஸ்.எஸ். என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 35ஆம் பிரிவு அந்த அதிகாரத்தைக் கொடுக்கிறது. பழைய சட்டத்தில் அது 41. நீங்கள் கேட்க வேண்டிய காகிதம் வேறு: கைதுக் குறிப்பு. எந்தத் தேதி, எத்தனை மணிக்குப் பிடித்தார்கள் என்று அதில் இருக்க வேண்டும். வீட்டு ஆளோ ஊர்ப் பெரிய மனிதரோ ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும், நீங்களும் போட வேண்டும். 1996இல் டி.கே.பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த விதி, இன்று சட்டத்திலேயே இருக்கிறது. பிடிக்க வந்தவரின் சட்டையில் பெயர்ப் பட்டை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கே: அப்படியானால் வாரன்ட் எதற்குத்தான்? (ஏலக்காய் வியாபாரி, போடி)

ப: உங்களைப் போன்றவர்களுக்குத்தான்! சரக்கு வாங்கியவர் கொடுத்த செக் திரும்பிவிட்டது என்று ஸ்டேஷனுக்கு ஓடினால் எஸ்.ஐ. கையை விரிப்பார். செக் கேஸில் அவராகப் போய்ப் பிடிக்க முடியாது. நீங்கள் மாஜிஸ்திரேட் கோர்ட்டில்தான் வழக்குப் போட வேண்டும். எதிராளி வாய்தாவுக்கு வராமல் டிமிக்கி கொடுத்தால் கோர்ட் பிடிவாரன்ட் போடும், கையெழுத்தும் முத்திரையுமாக. தேதி முடிந்தால் கெட்டுப்போக அது பால் பாக்கெட் இல்லை. கோர்ட் ரத்து செய்யும் வரை, அல்லது ஆள் சிக்கும் வரை, உயிரோடு இருக்கும்.

கே: ரெண்டு கிலோ ஏலக்காய் எடுத்தான் என்று ஒரு பையனை எஸ்டேட் ஸ்டோரில் பூட்டி வைத்துவிட்டார்கள். செய்யலாமா? (தோட்டத் தொழிலாளி, ராசிங்கபுரம்)

ப: கூடாது. கண்ணெதிரே குற்றம் நடந்து, அது ஜாமீனில் விட முடியாததாகவும் போலீஸ் வாரன்ட் இல்லாமல் பிடிக்கக்கூடியதாகவும் இருந்தால் மட்டும்தான் தனி ஆள் இன்னொருவரைப் பிடிக்கலாம். 6 மணி நேரத்துக்குள் போலீஸிடம் ஒப்படைத்துவிட வேண்டும். பூட்டி வைத்து அடித்தால் கேஸ் பூட்டியவர் மேல்.

இதில் ஒரு வேடிக்கை. புதிய சட்டப்படி 5,000 ரூபாய்க்குக் குறைந்த திருட்டு ஜாமீன் உள்ள குற்றம். போலீஸுக்கே வாரன்ட் வேண்டும். ஆக, ஏலத்தில் விலை ஏறினால் குற்றமும் ஏறும். கைதுக்கு முன் அன்றைய போடி ஏல விலையைக் கேட்டுக்கொள்வது நல்லது.

கே: கேரளா போலீஸ் மெட்டு இறங்கி வந்து இங்கே பிடிக்க முடியுமா?

ப: முடியும். இந்தியாவின் எந்த மூலைக்கும் துரத்திப் போய்ப் பிடிக்கலாம். வாரன்டும் எங்கும் செல்லும். 2024 மே 4 அன்று யூடியூபர் சவுக்கு சங்கரைத் தேனியில் பிடித்தது கோவை சைபர் க்ரைம் போலீஸ். ஆனால் 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தியாக வேண்டும். பயண நேரம் அதில் சேராது என்பதற்காகப் போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளிலும் நின்று டீ குடிக்க முடியாது. கைதுக்கான காரணத்தை மலையாளத்தில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகவும் முடியாது. கைதானவருக்குப் புரியும் மொழியில் எழுத்தில் தர வேண்டும் என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

கே: சனிக்கிழமை பிடித்தால் திங்கள் வரை லாக்கப்தானா?

ப: அரசியல் சாசனத்தின் 22ஆவது பிரிவுக்கு ஞாயிறு லீவு கிடையாது. மாஜிஸ்திரேட் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டியதுதான்.

கே: "சும்மா விசாரணைக்குத்தான், வந்துட்டுப் போங்கண்ணே" என்கிறார்களே? (விவசாயி, சில்லமரத்துப்பட்டி)

ப: எனக்கு வாரன்டை விட இந்த 'சும்மா'தான் பயம். கைது என்றால் குறிப்பு, காரணம், 24 மணி நேரம் என்று கணக்கு ஓடத் தொடங்கும். 'சும்மா'வுக்குக் கணக்கே இல்லை. திருப்புவனம் பக்கம் மடப்புரம் கோயில் காவலாளி அஜித்குமாரை நகை காணவில்லை என்ற புகாரில் விசாரணைக்குத்தான் கூட்டிப் போனார்கள். 2025 ஜூன் 28 அன்று இறந்துபோனார். காவலர்கள் 5 பேர் கைதானார்கள், வழக்கு சிபிஐக்குப் போனது.

ஆகவே நோட்டீஸ் கேளுங்கள். 7 ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றம் என்றால், உடனே கைது தேவை இல்லாதபோது, நேரில் வரச் சொல்லி நோட்டீஸ்தான் தர வேண்டும். வக்கீல்கள் இன்னும் '41ஏ' என்பார்கள், இப்போது 35(3). 2014இல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைக் கண்டிப்பாகச் சொன்னது. அந்த நோட்டீஸ் வாட்ஸ்அப்பில் வந்தால் செல்லாது என்று 2025 ஜனவரியில் சொன்னது. நோட்டீஸ் வந்தும் போகாமல் இருந்தால் கைதுக்கு நீங்களே வழி விட்டதாகிவிடும். சாட்சியாக விசாரிக்க வேண்டும் என்றால் பெண்களையும், 60 வயது தாண்டியவர்களையும், 15க்குக் குறைந்த பையன்களையும் ஸ்டேஷனுக்கு வரச் சொல்ல முடியாது. போலீஸ்தான் வீட்டுக்கு வர வேண்டும். காபி போடுவது உங்கள் இஷ்டம்.

கே: ராத்திரியில் பெண்களைக் கைது செய்யக் கூடாதாமே? (சுயஉதவிக்குழுத் தலைவி)

ப: சூரியன் மறைந்து உதிக்கும் வரை கூடாது. தவிர்க்க முடியாத நிலையில் பெண் அதிகாரி, மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதியோடு செய்யலாம். விதியை மீறியதாலேயே கைது செல்லாததாகிவிடாது, ஆனால் அதிகாரி விளக்கம் தர வேண்டும் என்று 2025 பிப்ரவரியில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சொன்னது. எனக்கு இதில் திருப்தி இல்லை. விளக்கம் விடிந்த பிறகுதான் வரும்.

கே: குண்டாஸ் போட்டாலும் 24 மணி நேரக் கணக்கு உண்டா?

ப: இல்லை. அது தடுப்புக் காவல், 1982ஆம் வருடத்து 14ஆம் எண் சட்டம். கலெக்டரோ கமிஷனரோ கையெழுத்துப் போட்டால் 12 மாதம் வரை உள்ளே வைக்கலாம். காரணத்தை 5 நாளுக்குள் கொடுக்க வேண்டும். சவுக்கு சங்கர் மீதும் போட்டார்கள். 2024 ஆகஸ்ட் 9 அன்று சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது.

கே: என் தாத்தா ராத்திரியானால் கைரேகை வைத்துவிட்டு ஸ்டேஷனில் போய்ப் படுக்க வேண்டுமாம். உண்மையா?

ப: உண்மை. 1911ஆம் வருடக் குற்றப் பரம்பரைச் சட்டம். வாரன்ட் வேண்டாம், குற்றமே வேண்டாம், பிறந்தால் போதும். உசிலம்பட்டிப் பக்கம் பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மாட்டோம் என்று எதிர்த்தவர்களை 1920 ஏப்ரல் 3 அன்று சுட்டுக் கொன்றார்கள். சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் ஒழிய 1947 ஆனது. இன்று உங்களிடம் கைதுக் குறிப்பில் கையெழுத்துக் கேட்கிறார்கள் என்றால், தாத்தாவுக்காகவும் சேர்த்து ஒருமுறை படித்துவிட்டுப் போடுங்கள்.

கே: பிடித்ததும் முதல் போன் வக்கீலுக்கா, மச்சானுக்கா?

ப: மச்சானுக்கு. சொந்தக்காரர் ஒருவருக்குத் தகவல் சொல்வது போலீஸின் கடமை. வக்கீலை அவர் கூட்டி வருவார். காசில்லை என்றால் 15100க்குப் போன் செய்து இலவச சட்ட உதவி கேட்பார். விசாரணையின்போது வக்கீலைப் பார்க்கலாம், ஆனால் அவர் முழுநேரமும் பக்கத்தில் உட்கார முடியாது. மச்சான் எதிர் டீக்கடையில் முழுநேரமும் உட்காரலாம்.