சம்பளமில்லாத சந்தோஷம்

எங்கள் வீட்டில் இப்போதெல்லாம் யாருக்கும் கோபம் வருவதில்லை, ‘ட்ரிகர்’ ஆகிறார்கள். சாவியை எங்கேயாவது வைத்துவிட்டுத் தேடினால் ஏடிஹெச்டி. டப்பாக்களை உயரவாரியாக அடுக்கினால் ஓசிடி. (நிஜத்தில் ஓசிடி படுத்தும் பாடு வேறு. கதவைப் பூட்டினோமா என்று திரும்பத் திரும்ப எழுந்துபோய்ப் பார்த்தே நிம்மதியைத் தொலைப்பவர்கள் உண்டு. எங்கள் வீட்டில் கதவைப் பூட்டவே ஆள் கிடையாது.)

உபயம், அண்ணன் மகள். பி.எஸ்சி. சைக்காலஜி முதல் வருஷம். எங்களோடு தங்கிப் படிக்கிறாள். அவளிடம் பிடிபடாதவர் என் அம்மா ஒருத்திதான். “பாட்டி, நீங்க டினையல்ல இருக்கீங்க” என்றதற்கு, “இல்லடி, அடுப்படிலதான் இருக்கேன்” என்று பதில் வந்தது.

நான் அப்படித் தப்பவில்லை. குடியிருப்புச் சங்கச் செயலாளர் பதவி என் தலையில் விழுந்ததிலிருந்து விடிகாலையில் தண்ணீர் லாரி, பகலில் லிஃப்ட் மெக்கானிக், ராத்திரியில் பார்க்கிங் சண்டை. மெயின்டனன்ஸ் பாக்கி கேட்டால் தீபாவளி வசூலுக்கு வந்தவனைப் பார்ப்பதுபோல் பார்க்கிறார்கள். ஆனாலும் யாரோ கேட்டபோது, “மனசுக்கு நிறைவா இருக்கு சார்” என்று சொல்லிவிட்டேன்.

“சித்தப்பா, இது காக்னிடிவ் டிஸனன்ஸ்!” என்று துள்ளினாள் அவள்.

1959இல் லியோன் ஃபெஸ்டிங்கரும் ஜேம்ஸ் கார்ல்ஸ்மித்தும் நடத்திய சோதனையாம். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு மாணவர்களைக் கூப்பிட்டு, ஒரு பலகையில் இருந்த 48 முளைகளை ஒவ்வொன்றாகக் கால் சுற்று திருப்பவிட்டார்கள். அது முடிந்தால் மறுபடி முதலிலிருந்து. இப்படி ஏதாவது உப்புச்சப்பில்லாத வேலையாக ஒரு மணி நேரம். பிறகு, வெளியே காத்திருப்பவரிடம் “ரொம்ப சுவாரசியமான வேலை” என்று பொய் சொல்லவேண்டும். சிலருக்குக் கூலி 1 டாலர், சிலருக்கு 20. கடைசியில், வேலை நிஜமாகவே பிடித்திருந்தது என்று கூடுதலாகச் சொன்னவர்கள் 1 டாலர்காரர்கள்தான்! 20 வாங்கியவனுக்குப் பொய்க்கான காரணம் சட்டைப்பையில் இருக்கிறது. மற்றவனை ‘இந்த அற்பக் காசுக்கா புளுகினேன்?’ என்று மனசு குடைகிறது. சொன்னதைத் திரும்ப அள்ள முடியாதே. அதனால் நினைப்பை மாற்றிக்கொள்கிறான்.

எனக்கு அந்த 1 டாலரும் இல்லை. என் நிறைவு எந்த உயரத்தில் நிற்கும் என்று கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அவள் எனக்குக் குறை கண்டுபிடித்துச் சொன்ன கதை. நான் அதில் யுக்தியைப் பிடித்துக்கொண்டேன். அடுத்த மாதம் பொதுக்குழு. மூன்றாவது மாடிக்கு, பாங்கில் ஓய்வுபெற்ற ஒருவர் புதிதாகக் குடிவந்திருக்கிறார். மாடிப்படியில் மடக்கி, “செயலாளர் வேலை ரொம்ப சுவாரசியம் சார்” என்று ஆரம்பித்தேன்.

அவர் யோசித்துவிட்டு, “ஏதாவது ஹானரேரியம் உண்டா?” என்றார்.

“சல்லிக்காசு கிடையாது சார்” என்று அடித்துச் சொன்னேன். “அதுக்கு நான் கியாரண்டி.”