ஏழாண்டுப் போரும் என் ஒன்பதும்

எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் தினமும் காலை ஆறு மணிக்கு ஒரு சரித்திரக் கேள்வி வந்து விழும். போடுபவர் ரிட்டயர்டு ஹிஸ்டரி வாத்தியார். ராத்திரி எட்டு மணிக்கு விடை. கூகுள் பார்க்கக் கூடாது என்பது ஒன்றுதான் சட்டம். நானும் பார்ப்பதில்லை, பார்த்து மாட்டிக்கொண்டதிலிருந்து.

சென்னையில் எம்டன் கப்பல் குண்டு போட்டது என்றைக்கு என்று கேட்டிருந்தார். விக்கிபீடியாவைத் திறந்து, அந்த வரியை அப்படியே காப்பி எடுத்து ஒட்டினேன். 1914 செப்டம்பர் 22. "தேதி கரெக்ட் சார். பக்கத்துல அடைப்புக்குறிக்குள்ள ஒரு மூணு இருக்கே, அது என்ன?" என்றார் பாங்க் மாமி. குண்டு எண்ணிக்கை என்று சமாளித்துப் பார்த்தேன். "நூத்துக்கு மேல போட்டான் தம்பி" என்றார் வாத்தியார்.

அதற்குப் பிறகு சொந்த மூளைதான். இங்கிலாந்தும் பிரான்சும் மோதிக்கொண்ட நூறாண்டுப் போர் எத்தனை வருஷம் நடந்தது என்று ஒரு நாள் கேள்வி. இதுகூடத் தெரியாதா என்று 6.01-க்கே 'நூறு' என்று போட்டேன். 1337-லிருந்து 1453 வரை, 116 வருஷமாம். பேரில் இருக்கிற கணக்கை நம்பக் கூடாது என்று அன்றைக்கே மனசில் எழுதிக்கொண்டேன்.

மறு வாரம் ஏழாண்டுப் போர் எத்தனை வருஷம் என்று கேட்டார். நானா ஏமாறுவேன்? 'ஒன்பது'. விடை ஏழேதான். 1756 முதல் 1763 வரை.

ஆனால் வாத்தியார் நல்ல மனுஷர். "தம்பி சொல்றதுலயும் ஒரு நியாயம் இருக்கு. ஐரோப்பாவுல 1756-ல ஆரம்பிச்சாலும் அமெரிக்காவுல 1754-லயே அடிதடி தொடங்கிடுச்சு. அந்தக் கணக்குல ஒன்பதுதான். அதை வெச்சுத்தானே சொன்னீங்க?" என்றார். ஆமா சார் என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "அப்போ அங்கே போய்ச் சண்டையை ஆரம்பிச்சு வெச்ச 22 வயசுப் பையன் யாரு?" என்று கேட்டார். போனில் சார்ஜ் இல்லை என்று போனிலேயே டைப் அடித்துவிட்டு ஓடிவிட்டேன். பையன் ஜார்ஜ் வாஷிங்டனாம்.

ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்ற கேள்விக்கு நான் 'நந்தினி' என்று எழுதியதைப் பற்றி இங்கே பேச வேண்டாம். உடையார்குடிக் கல்வெட்டு ரவிதாசன், சோமன், பரமேஸ்வரன் என்று பேர் சொல்கிறது. கல்வெட்டை யார் படித்தார்கள், நான் படித்தது கல்கியை.

அதே ஏழாண்டுப் போர் மறுபடி வந்தது. '1760 ஜனவரி 22. லாலி தலைமையிலான பிரெஞ்சுப் படையை அயர் கூட் தோற்கடித்த ஊர், இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்தில் எது?' எங்கள் மாவட்டம்! மனைவி பிறந்த ஊர் ஆரணி. வீட்டில் நல்ல பேர் கிடைக்கட்டுமே என்று 'ஆரணி' போட்டேன். விடை வந்தவாசி.

நான் பிறந்து வளர்ந்த ஊர் வந்தவாசி.

கோட்டை இடிபாட்டில் ஏறிக் குதித்திருக்கிறேன். அது யார் கோட்டை, யார் இடித்தார்கள் என்று கேட்கத் தோன்றியதே இல்லை. எங்களுக்கு ஊர்ப் பெருமை என்றால் கோரைப் பாய். அந்தப் பாயில் நன்றாகத் தூங்கி எழுந்த பரம்பரை. குரூப்பில் அன்று முழுக்க எனக்குப் பாய் எமோஜி தேடினார்கள். அப்படி ஒன்று இல்லாததால் தப்பித்தேன்.

"ஆரணியும் முழுத் தப்பில்லை. 1751-ல கிளைவ் அங்கே ஜெயிச்சிருக்கான்" என்று வாத்தியார் ஆறுதல் சொன்னார். இதை மனைவியிடம் சொன்னேன். "எங்க ஊருக்காவது கிளைவே வந்தான்" என்று ஆரம்பித்து இன்னும் முடியவில்லை.

விடை வந்த பிறகுதான் குரூப்பில் நிஜக் கச்சேரி. லாலியில் தொடங்கும் பேச்சு மூட்டுவலித் தைலம், மாமியின் பேரன் அட்மிஷன், பால்காரர் வராதது என்று போகும். அந்த சப்ஜெக்ட்களில் நான்தான் டாப்பர். அதற்கு மார்க் போடுவதில்லை.

போன மாதம் வாத்தியார் கல்யாணத்துக்குக் கும்பகோணம் போனார். "நாளைக்கு ஒரு நாள் தம்பி கேள்வி போடட்டும்" என்றார். ராத்திரியெல்லாம் முழித்து ஒன்றைத் தயார் செய்தேன். காலை ஆறு மணிக்குப் போட்டேன்: '1761 ஜனவரியில் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் விழுந்தது. அதே வாரத்தில் வடக்கே நடந்த மூன்றாம் பானிபட் போர் எந்த ஆண்டு?'

முதல் விடை 6.02-க்கு வந்தது. பேரன்கூட எழுதினான். எல்லோருக்கும் முழு மார்க். கேள்வி போட்டவருக்கு மார்க் கிடையாதாம்.