ஆள் தேவை, சம்பளம் கேட்காத ஆள்

இணையம் இல்லாமலே கணினியில் வலைத்தளம் கட்டித்தரும் ஓப்பன் சோர்ஸ் மென்பொருள் ஒன்றுக்கு டெவலப்பர் வேண்டுமாம். இவ்வகை அழைப்புகளின் சாரம் எப்போதும் ஒன்றுதான்: சி++, ஜாவாஸ்கிரிப்ட், சிஎஸ்எஸ் எல்லாம் கரைத்துக் குடித்திருக்க வேண்டும். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடவைக்க வேண்டும். ஊதியம், 'உதவியவர்கள்' பட்டியலில் பெயர். அந்தப் பட்டியலை இதுவரை யாராவது திறந்து பார்த்திருக்கிறார்களா என்பது வேறு விஷயம்.

இந்த மென்பொருள் குடும்பத்தின் ஜாதகமே அப்படி. லின்ஸ்பயர் நிறுவனம் பணம் போட்டதால் டேனியல் கிளாஸ்மன் உருவாக்கிய என்வியூ என்ற வலைத்தள மென்பொருள், 2005இல் 1.0 பதிப்பை எட்டியது. பிறகு அதிலிருந்து ஆர்வலர்கள் கிளைபிரித்த காம்போஸர், 2010இல் 0.8 சோதனைப் பதிப்போடு மூச்சை நிறுத்திக்கொண்டது. அப்பன் ஒன்றைத் தொட்டான், பிள்ளை முக்காலே சொச்சத்தில் நின்றுவிட்டான்.

பயனர்களுக்கு மட்டும் பஞ்சமில்லை. அவர்கள் எழுதும் கடிதம் இப்படி இருக்கும்: "இடப்பக்கம் வைத்த படம் வலப்பக்கம் ஓடுகிறது. கிளையண்ட் காத்திருக்கிறார். இன்று மாலைக்குள் சரிசெய்யவும்." கிளையண்டிடம் வாங்கிய அட்வான்ஸ் பற்றி அதில் ஒரு வார்த்தை இருக்காது. நன்கொடைப் பொத்தான் இருக்கும் இடமும் இவர்கள் கண்ணில் மட்டும் படுவதில்லை.

அதிசயமாக ஒரு இளைஞர் முன்வந்தார் என்று வையுங்கள். "நிரலை எங்கிருந்து படிக்க ஆரம்பிப்பது, வழிகாட்டி ஏதும் உண்டா?" என்று பவ்யமாகக் கேட்பார். உடனே பதில் வரும்: "அதை எழுதத்தான் தம்பி முதலில் ஆள் தேடுகிறோம்."