சீனி இல்லாத தேத்தண்ணி

1970களில் இலங்கையில் சீனிக்குக் கடும் தட்டுப்பாடு. மட்டக்களப்பின் தன்னாமுனையில் எங்கள் வீட்டுக்குச் சங்கக்கடையிலிருந்து வரும் கூப்பன் சீனி, நல்லநாள் பெருநாளுக்கென்று போத்தலில் இருக்கும். மற்ற நாளெல்லாம் வெறும் தேத்தண்ணிதான். உள்ளங்கையில் ஒரு துண்டு பனங்கட்டி. ஒரு கடி, ஒரு மிடறு. வாவிக்கு வலையோடு போகிறவர்கள் விடியப்புறம் குடித்ததும் அதையேதான். "சீனி வரட்டும் மனே, நல்ல தேத்தண்ணி ஊத்தித் தாறன்" என்பார் அம்மம்மா.

1977க்குப் பிறகு இறக்குமதி திறந்தது. சீனி வந்தது, பால்மாவும் வந்தது. வந்தவருக்கு மூன்று கரண்டி போட்டுக் கலக்கிக் கொடுப்பதே மரியாதை என்றானது.

இன்று எங்கள் வயதுக்காரர் பலர் கிளினிக் கொப்பியோடு அலைகிறோம். சீனி வருத்தத்துக்கு வைத்தியர் சொல்வது, அன்று இல்லாமையால் நாங்கள் குடித்த அதே பிளேன்டீயை, பனங்கட்டியும் இல்லாமல்.

1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தொடங்கிய தேயிலைத் தோட்டம் முதல் இன்றுவரை, மலையகத் தமிழரின் கைகள் கொய்து தரும் இலை அது. அதன் நன்மை இலையிலேயே இருக்கிறது. கறுப்புத் தேநீரின் நிறத்துக்கும் துவர்ப்புக்கும் காரணமான பொலிபீனோல்கள் இரத்தக் குழாய்களுக்கு நல்லவை என்று ஆய்வுகள் காட்டுகின்றன. பிரித்தானியாவில் ஏறத்தாழ 5 இலட்சம் பேரைத் தொடர்ந்து கவனித்து 2022இல் வெளிவந்த ஆய்வில், தினமும் இரண்டு கோப்பையோ அதற்கு மேலோ குடித்தவர்களிடம் இறப்பு அபாயம் 9 முதல் 13 சதவீதம் குறைந்திருந்தது. தேநீர்தான் காரணம் என்று அது நிறுவவில்லை; ஆனாலும் நம்பிக்கை தரும் செய்தி.

சீனியின் கணக்கு வேறு. ஒரு தேக்கரண்டி சுமார் 4 கிராம். நாளுக்கு 25 கிராமுக்குள் நின்றால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். மூன்று கரண்டி போட்ட இரண்டு கோப்பையிலேயே அது ஏறக்குறைய முடிந்துவிடும்.

அன்றைய பழக்கம் எல்லாமே நல்லதல்ல. சோறு தின்ற கையோடு தேத்தண்ணி குடித்தோம். கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வதைத் தேயிலை தடுக்கும். கர்ப்பிணிகளும் பிள்ளைகளும் சாப்பாட்டுக்கும் தேத்தண்ணிக்கும் நடுவே ஒரு மணித்தியாலமாவது விடவேண்டும். கொதிக்கக் கொதிக்கக் குடிப்பதும் கூடாது. 65 பாகைக்கு மேல் சூடான பானங்கள் உணவுக்குழாயில் புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்று 2016இல் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் எச்சரித்தது.

அன்று தட்டுப்பாடு எங்கள் மேல் சுமத்தியதை இன்று நாமே விரும்பி எடுக்கவேண்டும். வீட்டுக்கு வருகிறவரிடம் "எத்தனை கரண்டி?" என்று கேட்காமல், "சீனி போடவா?" என்று கேட்போம். அதுவும் மரியாதைதான்.