புகைக்குப் புறமுதுகு காட்டலாமா?

(பெங்களூரு மாமா பதில்கள்)

மென்பொறியாளர், மாரத்தஹள்ளி: வெள்ளிக்கிழமை ராத்திரி டெம்போ டிராவலர் பிடித்துப் போய், மலையில் பாதி ஏறிவிட்டோம். எதிர்ச்சரிவில் புகை. கைடு ‘திரும்புங்க’ என்றார், திரும்பிவிட்டோம். இப்போது ஆபீஸில் ‘புறமுதுகு’ என்று கூப்பிடுகிறார்கள், மாமா!

புறநானூற்றுக் காலத்தில் முதுகில் காயம் பட்டால்தான் அவமானம். நுரையீரலில் படும் காயத்துக்கு எந்தப் புலவரும் பரிசில் வாங்கியதில்லை. கிண்டல் செய்கிறவர் தினமும் சில்க் போர்டு சிக்னலில் புகைக்கு எதிரே நெஞ்சு நிமிர்த்தி நிற்கிறாரே, அவருக்கு வேண்டுமானால் நடுகல் வைப்போம்.

ஓர் அம்மா, அல்சூர்: அமெரிக்காவில் இருக்கும் என் மகன், மெக்சிகோ எல்லையிலிருந்து கனடா எல்லை வரை நடக்கிறேன் என்று கிளம்பினான். காட்டுத்தீப் புகையால் பாதியில் நிறுத்திவிட்டான். சொந்தக்காரர்களுக்கு என்ன சொல்வது?

பசிபிக் கிரெஸ்ட் டிரெயில். மொத்தம் 4,265 கிலோமீட்டர். பாதி என்றாலே கன்னியாகுமரியிலிருந்து நாக்பூரைத் தாண்டியிருப்பான், அதை முதலில் சொல்லுங்கள். அந்தப் பாதையில் இது புதிதும் அல்ல. 2020 செப்டம்பரில், அந்தப் பாதை கடந்து போகும் கலிபோர்னியாவின் 18 தேசிய வனங்களையும் அரசே இழுத்து மூடியது. 2021-இல் அங்கேயே ‘டிக்ஸி’ என்று பேர் வைத்த தீ ஒன்பது லட்சம் ஏக்கருக்கு மேல் தின்றது. மின்கம்பியில் மரம் சாய்ந்ததில் பிடித்த தீ அது. ‘பாதியில் விட்டுட்டான்’ என்று சொல்லாதீர்கள். ‘அமெரிக்காக்காரன் வழி விடல’ என்று சொல்லுங்கள். விசா சமாசாரம் என்று நினைத்து யாரும் மேற்கொண்டு கேட்க மாட்டார்கள்.

கல்லூரி மாணவி, ஜெயநகர்: தீ எங்கோ தூரத்து மலையில். நமக்கு ஏன் பயம்?

தீ நடந்து வரும், புகை ஃப்ளைட்டில் வரும். 2023 ஜூனில் காடு எரிந்தது கனடாவில், ஆரஞ்சு நிறமானது நியூயார்க் வானம்.

கண்ணை எரிக்கும் புகையாவது நாகரிகமானது, சொல்லிவிட்டு வருகிறது. ஆபத்து அதிலுள்ள பி.எம். 2.5 துகள். தலைமுடியின் பருமனில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கு. நுரையீரலின் கடைசிச் சந்து வரை போகும். சும்மா உட்கார்ந்திருக்கும்போது நிமிடத்துக்கு ஆறேழு லிட்டர் காற்று இழுப்பீர்கள். ஏற்றத்தில் மூட்டையோடு நடந்தால் நாற்பது லிட்டர் சாதாரணம். அதாவது, மலையேறுகிறவர் மற்றவர்களின் பங்குப் புகையையும் சேர்த்துச் சாப்பிடுகிறார்.

இந்தத் துகளுக்கு உலக சுகாதார நிறுவனம் வகுத்த 24 மணி நேர வரம்பு, ஒரு கன மீட்டருக்கு 15 மைக்ரோகிராம். இந்திய வரம்பு 60. நம் நுரையீரல் நாலு மடங்கு கெட்டி என்று சட்டமே நம்புகிறது.

பைக் பிரியர், கோரமங்களா: ஈரக் கர்ச்சீப் கட்டிக்கொண்டால் போதாதா?

போதும், முகம் துடைக்க. நுண்துகளைத் தடுக்க என்-95 வேண்டும். கார்பன் மோனாக்சைடு வாயுவிடம் அதுவும் கைவிரிக்கும். தாடி இருந்தால் முகமூடி முகத்தோடு ஒட்டாது. ட்ரெக்கிங் போட்டோவுக்காகவே தாடி வளர்த்தவர்களுக்கு மாமாவின் ஆழ்ந்த அனுதாபங்கள்.

தமிழாசிரியர், ஸ்ரீராமபுரம்: மூங்கில்கள் உரசித்தானே காட்டில் தீப்பிடிக்கிறது?

பாவம் மூங்கில், அதற்கு வக்கீல் கிடையாது. இந்தியக் காட்டுத்தீயில் பெரும்பங்கு மனிதன் வைத்தது. புதுப்புல் முளைக்கட்டும் என்று வைத்தது, தேன் எடுக்கப் போனவர் விட்டது, அணைக்காத பீடி, அணைத்ததாக நினைத்த கேம்ப் ஃபயர். காட்டில் உரசியது பெரும்பாலும் தீப்பெட்டியில்தான்.

வாசகர், ஓசூர்: மலையில் தீ துரத்தினால் மேலே ஓடுவதா, கீழே ஓடுவதா?

இதில் மட்டும் மாமா விளையாட மாட்டார்.

2018 மார்ச் 11, ஞாயிறு. தேனி மாவட்டம், குரங்கணி மலை. காய்ந்த புல்சரிவில் தீ ஏறி வந்தது. மலையேற்றத்துக்கு வந்தவர்களில் 23 பேர் மாண்டார்கள், பலரும் இளம் வயது. சரிவில் தீ எரியும்போது சுவாலை மேல்பக்கம் சாய்ந்து, அடுத்த புல்லை முன்கூட்டியே காய வைத்துவிடும். சரிவு பத்து டிகிரி கூடினால் தீயின் வேகம் சுமார் இரண்டு மடங்காகும் என்பது தீயணைப்பவர்கள் வைத்திருக்கும் கணக்கு. மனிதனுக்குக் கணக்கு தலைகீழ்: சரிவு கூடக் கூட வேகம் குறையும்.

ஆகவே தீக்கு மேலே ஓடாதீர்கள். பக்கவாட்டில் விலகி, வெறும் பாறையோ, ஓடையோ, ஏற்கெனவே எரிந்து கருகிய இடமோ தேடுங்கள். அதைவிட நல்ல வழி நம் மாரத்தஹள்ளிக்காரர் செய்தது. புகை தூரத்தில் தெரியும்போதே இறங்கிவிட்டார், ஓட வேண்டிய வேலையே வரவில்லை. குரங்கணிக்குப் பிறகு அதே ஆண்டில் தமிழகத்தில் மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன.

இயற்கை ஆர்வலர், மைசூரு ரோடு: 2019-இல் பந்திப்பூர் காடு ஏன் அப்படி எரிந்தது?

பிப்ரவரி கடைசி வாரம், காய்ந்த காடு, காற்று, கூடவே உண்ணிச்செடி. இருநூறு வருஷம் முன்பு தோட்டத்துக்கு அழகு என்று வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தோம். விருந்தாளியாக வந்தது, வீட்டுப் பத்திரத்தைத் தன் பேருக்கு மாற்றிக்கொண்டது. தரைத்தீயை மரக்கிளை வரை தூக்கிவிடும் ஏணி அது. 10,000 ஏக்கருக்கு மேல் கருகி, விமானப்படை ஹெலிகாப்டர்கள் வாளி கட்டித் தண்ணீர் ஊற்றிய பிறகுதான் அடங்கியது.

வரி கட்டுபவர், விவேக் நகர்: வனத்துறை என்னதான் செய்கிறது?

கோடைக்கு முன்பே செடி கொடியை வெட்டித் தீத்தடுப்புக் கோடு போடுகிறது. டேராடூனிலுள்ள இந்திய வன ஆய்வு நிறுவனம் செயற்கைக்கோளில் தீயைப் பார்த்து, போனுக்குத் தகவல் அனுப்புகிறது. செயற்கைக்கோள் பார்க்கும், இறங்கி வந்து அணைக்காது. அதற்கு ஒரு தற்காலிகத் தீக்காவலர், கையில் பச்சைக் கிளையோடு, புகைக்குள் நுழைய வேண்டும். 2017 பிப்ரவரியில் பந்திப்பூரில் அப்படி நுழைந்த வனக் காவலர் ஒருவர் திரும்பவில்லை. அடுத்த முறை செக்போஸ்ட்டில் ‘பர்மிட் எங்கே’ என்று கேட்டால், முறைக்காமல் காட்டுங்கள்.

புதுமணத் தம்பதி, ஒயிட்ஃபீல்டு: பிப்ரவரி, மார்ச்சில் மலையேறப் போகலாமா?

கோடை முற்றினால் குறிஞ்சியும் முல்லையும் திரிந்து பாலையாகும் என்று சிலப்பதிகாரமே சொல்லியிருக்கிறது. பாலை, பிரிவுக்கான திணை. புதுமணத் தம்பதிக்கு எதற்கு?

தமிழக வனத்துறை தன் ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தின் பாதைகளை 2025-இல் பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை மூடியது, தீக்குப் பயந்துதான். கர்நாடகத்திலும் வெயில் ஏறினால் பாதைகள் மூடும். திறந்திருக்கும் மாதங்களில் ஒரு பாதைக்கு ஒரு நாளைக்கு 300 பேர், ஆன்லைன் புக்கிங். 2024 குடியரசு தின விடுமுறையில் குமார பர்வதத்தில் கூடிய கூட்டம் தந்த பரிசு இது. அன்று சிகரம் பார்த்தவர்களைவிட முன்னால் நின்றவர் முதுகைப் பார்த்தவர்களே அதிகம்.

குட்டிப் பையன், பனசங்கரி: மாமா, நீங்க எத்தனை மலை ஏறியிருக்கீங்க?

லிஃப்ட் ரிப்பேரான நாளில் நாலு மாடி, கண்ணா.

ஓய்வு பெற்றவர், எச்.எஸ்.ஆர். லேஅவுட்: மலையே வேண்டாம். ஏரிக்கரையில் நடந்தால் தீப்பயம் இல்லைதானே?

எந்த ஏரிக்கரை ஐயா? 2018 ஜனவரியில் பெல்லந்தூர் ஏரியே எரிந்தது. அணைக்க ராணுவ வீரர்கள் சுமார் 5,000 பேர் இறங்கினார்கள். உலகத்தில் தீயை அணைக்க ஏரித் தண்ணீர் எடுப்பார்கள். நம் ஊரில் ஏரியை அணைக்க ராணுவத்தைக் கூப்பிட வேண்டியிருந்தது.

ஏமாந்தவர், இந்திராநகர்: புகையால் பயணம் ரத்து. ட்ரெக் நடத்துகிறவர்கள் பணத்தைத் திருப்பித் தராமல் கூப்பன் கொடுத்திருக்கிறார்கள். நம்பலாமா?

கூப்பனின் தேதியைப் பாருங்கள். ‘பிப்ரவரி, மார்ச்சில் மட்டும் செல்லும்’ என்று போட்டிருந்தால், மலையைப் பற்றி அவர்களுக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும்.