பத்து சதவீதப் பயணி

சென்னை விமான நிலையத்தில் இவரை அடையாளம் காண்பது சுலபம். குழந்தை அம்மாவின் தோளில் இருக்கும். மிச்சமெல்லாம் இவர் தோளில் தொங்கும். சிங்கப்பூர் போய்ச்சேர நாலு மணி நேரம்தான்; டயப்பரோ நாலு நாளுக்கு வரும். முதல்முறையாகக் கைக்குழந்தையோடு விமானம் ஏறும் அப்பா இவர்.

2 வயது நிரம்பாத பிள்ளைக்கு வெளிநாட்டு விமானங்களில் பெரும்பாலும் பெரியவர் கட்டணத்தில் 10 சதவீதம்தான். தனி இருக்கை கிடையாது, மடிதான். இந்த லாபத்தைத் தெருவெல்லாம் சொல்லிப் பூரித்தவர், மூட்டையில் 90 சதவீதம் அந்தப் பத்து சதவீதத்துடையது என்பதைச் செக்-இன் கவுன்டரில்தான் கண்டுகொள்வார்.

கைப்பைத் திரவங்களுக்கான 100 மில்லி விதி குழந்தையின் பாலுக்குப் பொருந்தாது என்று இவருக்குத் தெரியும். சோதனை செய்பவருக்கும் தெரியும். ஆனாலும் கேட்காமலே விளக்குவார். பின்னால் வரிசை நீளும்.

காது விஷயத்தில் இவர் அரை டாக்டர். ஏறும்போதும் இறங்கும்போதும் காற்றழுத்தம் மாறும்; பிள்ளை எதையாவது சப்பி விழுங்கிக்கொண்டிருந்தால் காது வலி குறையும். உண்மைதான். ஆனால் விமானம் லேசாக அசைந்ததுமே, "பாலைக் குடு, பாலைக் குடு" என்று மனைவியைப் பிடுங்கி எடுப்பார். ஓடுபாதைக்கு முன்னால் விமானம் அரை மணி நேரம் நிற்கும். புட்டி காலியான பிறகுதான் மேலே கிளம்பும்.

அடுத்தது தொட்டில். முன்வரிசைச் சுவரில் மாட்டும் தொட்டிலுக்காகவே போனில் மன்றாடி அந்த வரிசை இருக்கையை வாங்கியிருப்பார். பிள்ளை கண் அசரும், கிடத்துவார். உடனே சீட் பெல்ட் விளக்கு எரியும். தூக்கியாக வேண்டும், விதி அப்படி. அணையும், கிடத்துவார். மறுபடி எரியும். விமானிக்கும் தனக்கும் போன ஜென்மத்துப் பகை என்றே முடிவுகட்டுவார்.

பிள்ளை வீறிட்டதும் நாலு பக்கமும் திரும்பி "ஸாரி, ஸாரி" என்பார். (அப்போதுதான் தூங்கிக்கொண்டிருந்தவர்களும் விழித்துக்கொள்வார்கள்.) கிலுகிலுப்பை, செல்போன் பாட்டு, மாமியார் கொடுத்தனுப்பிய கிரைப் வாட்டர், எதற்கும் அழுகை மசியாது. கடைசியில் பின்சீட்டுப் பாட்டி எட்டிப்பார்ப்பார்.

"ஏம்ப்பா, புள்ளைக்கு எத்தனை சட்டைதான் போட்டிருக்கே? புழுங்காதா?"

ஏசி குளிருக்குப் பயந்து இவர் மாட்டிய மூன்றில் இரண்டை மனைவி கழற்றுவாள். சத்தம் நின்றுவிடும்.

சாங்கி விமான நிலையத்தில் இறங்கியதும் முதல் போன் மாமியாருக்கு. "ஒரு பிரச்சினையும் இல்ல அத்தை. பிளான் பண்ணிப் போனா ஒண்ணுமே இல்ல. நான்தான் பாத்துக்கிட்டேனே."

பக்கத்தில் மனைவி, ஒரு கையில் பிள்ளையும் மறுகையில் இரண்டு சட்டையுமாக நின்றுகொண்டிருப்பாள்.